ஊசி பயம் உள்ளவர்கள் சுகர் டெஸ்ட் எடுப்பது எப்படி?

“ஊசின்னாலே எனக்கு ஆகாது” என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இருப்பது ஒரே பயம் அல்ல. ஒருவருக்கு குத்தும்போது வலிக்குமே என்றுதான் பயம். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஆனால் மயங்கி விழமாட்டார். இன்னொருவருக்கு வலி ஒரு பொருட்டே இல்லை. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வரும். மூன்றாமவர் ஊசியைச் சாக்காகச் சொல்வார். உள்ளூர அவர் பயப்படுவது ரிப்போர்ட்டில் வரப்போகும் எண்ணுக்கு.

மூவருக்கும் லேபில் கிடைப்பது ஒரே அறிவுரைதான்: “ஒண்ணும் இல்ல, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ரிலாக்ஸா இருங்க.” முதலாமவருக்கு இது உதவும். இரண்டாமவருக்கு இது நேர் எதிரான வேலையைச் செய்யும். அதனால் எந்த டெஸ்ட், எந்த லேப் என்று யோசிப்பதற்கு முன்னால் உங்கள் பயம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு கேள்வி போதும். இதுவரை ஊசி, ரத்தம், காயம் சம்பந்தமாக ஒரு தடவையாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா, அல்லது விழப்போகிற நிலைக்குப் போயிருக்கிறீர்களா? ஆம் என்றால் நீங்கள் மயங்கும் வகை. இந்த வகை பெரும்பாலும் குடும்பத்தில் ஓடும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, அண்ணன் தம்பிக்கோ இதே தொல்லை இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இது தைரியக் குறைவும் அல்ல. கிடா வெட்டுக்கு அசராமல் நிற்கிற ஆளே தன் ரத்தத்தைப் பார்த்துச் சாய்வதுண்டு.

மயக்கம் எப்படி வருகிறது?

மற்ற பயங்களில், உதாரணமாகப் பாம்பைக் கண்டால், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், ஏறியபடியே நிற்கும். அந்த நிலையில் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயத்தில் மட்டும் உடம்பு இரண்டு கட்டமாக நடந்துகொள்கிறது. முதலில் வழக்கம்போலத் துடிப்பும் அழுத்தமும் ஏறும். சில விநாடிகளிலோ சில நிமிடங்களிலோ இரண்டும் சடாரென்று இறங்கும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. அதே நேரம் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிவதால் ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைந்ததும் ஆள் சாய்கிறார்.

சாய்வதற்கு முன் உடம்பு நோட்டீஸ் கொடுக்கும். கொட்டாவி வரும், வயிற்றைப் புரட்டும், நெற்றியிலும் உள்ளங்கையிலும் குளிர்ந்த வியர்வை வரும். காது அடைத்த மாதிரி ஆகி, பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்கும். பார்வை ஓரங்களிலிருந்து இருட்டும். கூட இருப்பவர்களுக்கு முகம் வெளுப்பது முதலில் தெரியும். இவற்றில் உங்களுக்கு எது முதலில் வரும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் பயிற்சியை முன்பே ஆரம்பிக்காமல் விட்டிருந்தால், அந்த அடையாளம் தெரிந்த கணமே ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது “ரிலாக்ஸ்” அறிவுரை ஏன் தவறு என்று புரியும். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை, தசைகளைத் தளர்த்தி இன்னும் இறக்குகிறோம். வேகவேகமாக ஆழ மூச்சு இழுப்பதும் சேர்ந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, கிறுகிறுப்பு கூடும்.

இறுக்கினால் மயங்காது

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் 1980களில் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தார். உடம்பின் பெரிய தசைகளை வேண்டுமென்றே இறுக்கி, ரத்த அழுத்தத்தை நாமே ஏற்றி நிறுத்துவதுதான் அது. மருந்து இல்லை, செலவு இல்லை. ஒரு வாரப் பயிற்சி வேண்டும்.

நாற்காலியில் கால் தரையில் பட உட்காருங்கள். தொடை, பின்புறம், வயிறு, இரண்டு கைகள் எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்குங்கள். 10 முதல் 15 விநாடி அப்படியே பிடியுங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரிய வேண்டும். அதுதான் சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. பிறகு விடுங்கள். விடுவது என்றால் தொய்ந்து விழுவது அல்ல, சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்குத் திரும்புவது. 20 முதல் 30 விநாடி இடைவெளி விட்டு மறுபடி இறுக்குங்கள். இப்படி 5 முறை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 5 சுற்று என ஒரு வாரம் செய்யுங்கள். பல் தேய்த்த பின், டீக்கு முன், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது என்று நேரம் பிரித்துக்கொண்டால் கஷ்டம் தெரியாது.

இதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். முதலாவது, இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது. மூச்சை அடக்கி முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடும், நோக்கமே கெட்டுப்போகும். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறுக்கினால் மூச்சு தானாக ஓடும். இரண்டாவது, தாடையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்குவது. பயிற்சி முடிந்து தலை வலித்தால் காரணம் இதுதான். கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். மூன்றாவது தவறு டெஸ்ட் அன்று நடப்பது. ஊசி குத்தும் கையையும் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் குத்தும்போது வலி கூடும், டெக்னீஷியனுக்கும் வேலை கடினமாகும். ஆகவே வீட்டில் பயிற்சி செய்யும்போதே கடைசி இரண்டு மூன்று நாட்கள் ஒரு கையை மடியில் தளர்வாகப் போட்டுவிட்டு, மற்ற கையையும் கால்களையும் வயிற்றையும் மட்டும் இறுக்கிப் பழகுங்கள்.

வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் பயிற்சிக்கு முன் ஒரு தடவை பாருங்கள். பிறகு கைப்பட்டை கட்டிய கையைத் தளர்வாக வைத்து, கால்களை மட்டும் அவ்வப்போது இறுக்கிக்கொண்டே இன்னொரு தடவை பாருங்கள். மேல் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால் இந்த முறையின் மேல் வரும் நம்பிக்கை வேறு. ஆனால் கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

மயங்காத, வலிக்குப் பயப்படும் வகை என்றால் இந்த இறுக்கும் வேலையே தேவையில்லை. உங்களுக்கு மெதுவான மூச்சுப் பயிற்சி பொருந்தும். 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். மரத்துப்போகச் செய்யும் க்ரீமும் இருக்கிறது. லிடோகேய்ன், பிரிலோகேய்ன் இரண்டும் தலா 2.5 சதவீதம் கலந்தது, டாக்டர் சீட்டில் மருந்துக் கடையில் கிடைக்கும். முழங்கை மடிப்பில் கனமாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் உறையால் மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பத்து நிமிடம் தடவிவிட்டு “ஒண்ணும் வேலை செய்யலை” என்று சொல்பவர்கள்தான் அதிகம். எந்தக் கையில் எடுப்பார்கள் என்று தெரியாவிட்டால் இரண்டு கையிலும் தடவலாமா என்று டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: க்ரீம் தோலை மரக்கச் செய்யுமே தவிர, மயக்கத்தைத் தடுக்காது.

ஊசி இல்லாமல் எதுவரை போகலாம்?

உங்களுக்கு இந்த டெஸ்ட் எவ்வளவு அவசரம் என்பதை ஊசியே இல்லாமல் கணக்குப் போடலாம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இதற்குத்தான். தேவைப்படுவது ஓர் இன்ச் டேப் மட்டும்.

வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ், ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழ் என்றால் 0. பெண்களுக்கு 80–89, ஆண்களுக்கு 90–99 என்றால் 10. அதற்கு மேல் 20. உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் உடலுழைப்பு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30. தாய், தந்தை இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 30க்குக் கீழ் குறைவு.

கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் 42 வயது ஆண், இடுப்பு 94 செ.மீ., நடைப்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று வைத்துக்கொள்வோம். 20, 10, 30, 10 என்று சேர்ந்து 70. இவர் தள்ளிப்போடுவதற்கு இடமே இல்லை. இடுப்பை அளக்கும்போது பேன்ட் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், தொப்பைக்குக் கீழே போய் அளவு குறைந்துவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

இந்த மதிப்பெண் யாருக்கு டெஸ்ட் அவசியம் என்று சொல்லும், சர்க்கரை இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ரத்தம்தான் வேண்டும். சிறுநீர் டெஸ்ட் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை 100 மி.லி.க்கு ஏறக்குறைய 180 மி.கி.யைத் தாண்டிய பிறகுதான் பொதுவாகச் சிறுநீரில் கசியத் தொடங்கும். வெறும் வயிற்றில் 126 வந்தாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. நடுவில் இருக்கும் அத்தனை பேரையும் சிறுநீர் டெஸ்ட் கோட்டைவிட்டுவிடும். குத்தாமலே சர்க்கரை பார்க்கும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி எந்தச் சாதனத்துக்கும் அனுமதி தரவில்லை, நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்தக் காசை வீணாக்காதீர்கள்.

எந்த டெஸ்ட், எத்தனை குத்து?

ஊசி பயம் உள்ளவருக்கு இந்தக் கேள்விதான் உயிர்நாடி. ஆனால் லேப் கவுன்டரில் யாரும் இந்தக் கோணத்தில் விளக்கமாட்டார்கள்.

வழக்கமாக எழுதித் தருவது “வெறும் வயித்துல ஒண்ணு, சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு”. அதாவது ஒரே நாளில் இரண்டு குத்து, நடுவில் இரண்டாவது குத்தை நினைத்தபடியே சாப்பிட வேண்டிய இட்லி. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துச் செய்யும் டெஸ்ட்டிலும் குறைந்தது இரண்டு குத்து உண்டு. அந்தத் தித்திப்பு வயிற்றைப் புரட்டும் என்பதால் மயங்கும் வகைக்கு இது இரட்டைத் தொல்லை.

எச்பிஏ1சி என்பது கடந்த 2–3 மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட். ஒரே குத்து, வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம். காலையில் வயிறார டிபன் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்பதே மயங்கும் வகைக்குப் பெரிய வசதி. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எண் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் இழந்திருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைவாகக் காட்டலாம். ஹீமோகுளோபின் மாறுபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நம்பக்கூடாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்வதில்லை. இன்னொரு முடிவாலும் உறுதியாக வேண்டும். அதனால்தான் “இன்னொரு நாள் வாங்க” என்கிறார்கள். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் ஒரே நேரத்தில் எடுத்து, இரண்டும் எல்லையைத் தாண்டியிருந்தால் அதுவே போதும். இதற்குக் குத்து ஒன்றுதான். அதே ஊசியிலிருந்து சாம்பல் மூடிக் குழாயில் ஒன்று, ஊதா மூடிக் குழாயில் ஒன்று என்று நிரப்பிக்கொள்வார்கள். மொத்த ரத்தமும் ஒரு டீஸ்பூன் அளவைத் தாண்டாது. ஆகவே அபாய மதிப்பெண் 60ம் அதற்கு மேலும் வந்தவர்கள், அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு உள்ளவர்கள் இந்த இரட்டை டெஸ்ட்டையே டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். மதிப்பெண் குறைவு, மயக்கம்தான் பெரிய தொல்லை என்றால் எச்பிஏ1சி மட்டும் எடுப்பது நல்லது. எங்கள் கருத்தில், ‘மாஸ்டர் செக்கப்’ என்று நாலைந்து குழாய் நிரப்பும் பேக்கேஜை முதல் தடவையே எடுத்துக்கொள்வது வேண்டாத வேலை.

இனி விரல் நுனியில் குத்தும் குளுக்கோமீட்டர். இதற்குத் தேவை ஒரு சொட்டுக்கும் குறைவான ரத்தம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பது இதைத்தான். லேப் வாசனை இல்லை, வரிசை இல்லை, சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே விரலை நீட்டலாம். கை நரம்பில் (அதாவது ரத்தக்குழாயில்) எடுக்கவே முடியாது என்று ஓடுகிறவர்களுக்கு முதல் படியாக இதைவிட நல்லது இல்லை. ஆனால் இது வடிகட்டும் டெஸ்ட் மட்டும். மீட்டருக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. உண்மையில் 126 உள்ளவருக்கு மீட்டர் 107 காட்டினாலும் 145 காட்டினாலும் மீட்டரில் கோளாறு என்று சொல்ல முடியாது. எனவே எண் சந்தேகத்துக்கு இடமாக வந்தால் லேபுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

விரலில் குத்தும்போது நுனியின் நடுவில் குத்தாதீர்கள், நரம்பு முனைகள் அங்கேதான் அதிகம். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். குத்தும் பேனாவில் ஆழத்துக்கு எண் இருக்கும். 2இல் ஆரம்பித்து, ரத்தம் வராவிட்டால் ஒன்று கூட்டுங்கள். முன்னதாக வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையை அரை நிமிடம் கீழே தொங்கவிட்டால் சொட்டு தானாக வரும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் பிசகும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தி, 250 வந்துவிட்டது என்று பதறுவது பல வீடுகளில் நடக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் ஒரே குத்து முறைதான் நடைமுறையில் உள்ளது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அன்று அந்த டெஸ்ட் செல்லாது.

லேபில் அந்தப் பத்து நிமிடம்

முந்தைய நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் 8 மணி நேரம் சாப்பிடக்கூடாது, ஆனால் தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும். பலர் தண்ணீரும் கூடாது என்று நினைத்து வறண்டுபோய் வருகிறார்கள். அதனால் நரம்பு சிக்காது, இரண்டு மூன்று குத்து ஆகும், மயக்கத்துக்கும் அது வழிவிடும். கிளம்புவதற்கு அரை மணி முன் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள். லேப் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஒன்பது மணிக் கூட்டத்தில் மற்றவர்கள் ரத்தம் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

உள்ளே போனதும் வெட்கப்படாமல் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “சிஸ்டர், எனக்கு ரத்தம் எடுத்தா மயக்கம் வரும். படுத்துக்கிட்டுதான் குடுப்பேன்.” டெக்னீஷியன்களுக்கு இது புதிதல்ல. நாற்காலியிலிருந்து ஆள் சரிந்து தலையில் அடிபடுவதைவிட, கட்டில் ஒதுக்கித் தருவது அவர்களுக்கும் நிம்மதி. படுத்திருக்கும்போது மூளையும் இதயமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் மயக்கம் வரும் வாய்ப்பே வெகுவாகக் குறைகிறது. ஆறேழு மாதக் கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, இறக்கை வைத்த பட்டர்ஃபிளை ஊசி. 23 கேஜ் அளவில், மெல்லியதாக, சின்னக் குழாயுடன் இருக்கும். குழந்தைகளுக்கும் நரம்பு சரியாகத் தெரியாதவர்களுக்கும் பயன்படுத்துவார்கள். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது என்று பொருள். இன்னொன்று, குழாய்களையும் ஊசியையும் உங்கள் கண்ணில் படாமல் வைக்கச் சொல்வது. முந்தைய முறை எந்தக் கையில் எளிதாகக் கிடைத்தது என்று நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏ.சி. குளிரில் கை சில்லிட்டிருந்தால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே இறுக்கும் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். கொட்டாவியோ வியர்வையோ வந்த பிறகு ஆரம்பித்தால் சில நேரம் பந்தயத்தில் தோற்றுவிடுவோம். குத்தும் கை தளர்வாக இருக்கட்டும். முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, கூட வந்தவரிடம் எதையாவது பேசிக்கொண்டே இருங்கள். 100இலிருந்து ஏழேழாகக் குறைத்து எண்ணினாலும் சரி. பட்டை கட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. ஊசி உள்ளே இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவரே இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால், வேறொருவரை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எடுத்து முடித்ததும் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொல்வது பல இடங்களில் இன்னும் வழக்கமாக இருக்கிறது. மடக்கினால் நீலம் பாரிக்கும். கையை நீட்டி, மறு கை விரலால் மூன்று நிமிடம் அழுத்திப் பிடிப்பதே சரி. உடனே எழுந்திருக்காதீர்கள். ஆபத்து முடிந்தது என்று உடம்பு தளரும் அந்த நிமிடத்தில்தான் பலர் விழுகிறார்கள், பெரும்பாலும் பில் கவுன்டர் முன்னால். பத்து நிமிடம் படுத்திருந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். டூ வீலரை அன்று வேறு யாராவது ஓட்டட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் மயங்கிவிட்டால், நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்காதீர்கள். தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு வந்துவிடும். சிலருக்குக் கை கால் சில விநாடி வெட்டி இழுக்கும். அது மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வருவது, பெரும்பாலும் வலிப்பு நோய் அல்ல. கையில் இரும்பைக் கொடுக்க வேண்டாம், நினைவு முழுதாகத் திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிட்டாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலோ டாக்டர் பார்த்தாக வேண்டும்.

லேப் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் எப்படியோ லேப் வரை போய்விடுகிறவர்களுக்கு. ஊசி என்ற நினைப்பே நாளைக் கெடுத்துவிடும் என்றால் பயத்தையே குறைக்க வேண்டும். பயப்படும் பொருளைச் சின்ன அளவில் தொடங்கிப் படிப்படியாக எதிர்கொள்வதுதான் வழி. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். முதலில் ஊசியின் படம். பிறகு ரத்தம் எடுக்கும் வீடியோ. அடுத்து, ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்றைக் கையில் வைத்திருப்பது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சை முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்ப்பதும் ஒரு படி. சிலருக்கு அந்த வாசனைதான் எல்லாவற்றையும் கிளப்பிவிடும். பிறகு கைக்குட்டையால் மேல்கையில் ஒரு நிமிடம் கட்டிப் பார்ப்பது, லேபில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது, விரல் நுனியில் ஒரு குத்து, கடைசியாக நரம்பில்.

விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது படியை விட்டு ஓடக்கூடாது. 8 மார்க் பயம் 4க்கு இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். முதலில் அரை மணி நேரம்கூட ஆகலாம். பாதியில் எழுந்து ஓடினால் “ஓடியதால்தான் தப்பித்தேன்” என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த முறை பயம் கூடும். மயங்கும் வகையினர் ஒவ்வொரு படியிலும், வீடியோ பார்க்கும்போதுகூட, படுத்தோ சாய்ந்தோ இருந்து தசையை இறுக்கிக்கொண்டே செய்ய வேண்டும்.

தனியாக முடியவில்லை என்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள். இந்த ஒரு பயத்துக்கு மட்டும் என்றால் வருடக்கணக்கில் சிகிச்சை தேவைப்படாது. சில அமர்வுகளிலேயே முன்னேற்றம் தெரியும், ஒரே நாளில் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து செய்து முடிக்கும் முறையும் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மனஸ் எண் 14416இல் தமிழிலேயே கேட்கலாம். வீட்டில் யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போவது மட்டும் வேண்டாம். அது பதற்றத்தைக் கொஞ்சம் மழுக்கலாம், மயக்கத்தைத் தடுக்காது. வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: “இவ்வளவு பெரிய ஆளு, இதுக்குப் போயா” என்ற கிண்டலும், கையை அமுக்கிப் பிடித்துக் குத்த வைப்பதும் அடுத்த பத்து வருடத்துக்கான பயத்தை விதைத்துவிடும்.

ரிப்போர்ட்டுக்குத்தான் பயம் என்றால்

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வு 2023இல் கணக்கிட்டது. அந்த முந்தைய நிலையில் கண்டுபிடித்தால் உணவு, நடை, எடைக் குறைப்பு ஆகியவற்றாலேயே நோயைத் தள்ளிப்போட முடியும். பலருக்கு வராமலே தடுக்கவும் முடியும். எதுவும் செய்யாமல் விட்டால் வருடக்கணக்கில் ஓர் அறிகுறியும் காட்டாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்து நரம்புகளையும் அரித்துக்கொண்டிருக்கும்.

எண்களைப் படிப்பது எளிது. வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 வரை முந்தைய நிலை, 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். எச்பிஏ1சி 5.7க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். கனடா, இங்கிலாந்து, மலேசியாவில் இருப்பவர்கள் ரிப்போர்ட்டில் மில்லிமோல் கணக்கில் பார்ப்பார்கள். 126 என்பது அங்கே 7.0. 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வந்துவிடும்.

இயல்பு என்று வந்து, வேறு அபாயமும் கூடவில்லை என்றால் அடுத்த டெஸ்ட்டுக்கு 3 வருடம் வரை அவகாசம் உண்டு. முந்தைய நிலை என்றால் வருடத்துக்கு ஒரு முறை. சர்க்கரை நோய் என்றே வந்தாலும் “இனி தினமும் குத்திக்கணுமா” என்று கலங்க வேண்டியதில்லை. மாத்திரையில் மட்டும் கட்டுப்பாடாக இருக்கும் பலருக்கு, 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் எச்பிஏ1சியே முக்கியக் கணக்கு. தினசரி விரல் குத்து பெரும்பாலும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயமுள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான். உங்களுக்கு எத்தனை முறை தேவை என்பதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி பயம் இருப்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், தேவைப்படும் டெஸ்ட்டுகளை எல்லாம் ஒரே குத்தில் எடுக்கும்படி அவர் சேர்த்து எழுதித் தருவார்.